நாய் எங்கே படுக்கும்?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். திருப்பூரிலிருந்து கோத்தகிரிக்குக் குடிவந்திருக்கிறோம். வீடு டவுனை விட்டுக் கொஞ்சம் தள்ளி. பின்பக்கம் தேயிலை, அதற்குக் கீழே சோலை. மகளுக்கு ஒன்பது வயது, நாய் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கோயமுத்தூரில் ஒரு பிரீடரிடம் லேப்ரடார் குட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்காதே, மீட்கப்பட்ட தெருக்குட்டி ஒன்றைத் தத்தெடுக்கலாம் என்கிறாள் மனைவி. தெருநாய் என்றைக்கிருந்தாலும் கடிக்கும் என்கிறார் அம்மா. எது சரி? சுப்ரீம் கோர்ட்டின் தெருநாய் உத்தரவு பற்றியும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். எந்த நாயாக இருந்தாலும் ராத்திரி வாசலில் கட்டிப் போட்டால் காவலுக்கும் ஆகும். கூண்டுக்கு வெல்டிங் பட்டறையில் சொல்லியாகிவிட்டது.

எஸ்., கோத்தகிரி

அன்புள்ள தம்பி,

நாய் பற்றி வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. எழுதினால் இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து என்னை அடிக்க வருவார்கள். உங்கள் கடிதத்தில் கடைசிக்கு முந்தின வரி இல்லாதிருந்தால் இதையும் படித்துவிட்டு மூடியிருப்பேன். போன வாரம்தான் ஒரு சிசிடிவி காட்சி என் போனுக்கு வந்து சேர்ந்தது. வாசலில் கட்டியிருக்கும் நாய், படியேறி வரும் சிறுத்தை, அவ்வளவுதான். அனுப்பிய பலரும் கூடவே ஒரு சிரிப்புப் பொம்மையையும் வைத்திருந்தார்கள். அந்த எரிச்சல் அடங்குவதற்குள் உங்கள் கடிதம்.

மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள், கடிப்பதற்குச் சாதி கிடையாது. பயந்த நாய் கடிக்கும், நாளெல்லாம் கட்டிக் கிடக்கும் நாய் கடிக்கும். வெறிநோய்க்கு மூன்று மாதத்தில் ஊசி, அப்புறம் டாக்டர் சொல்கிறபடி வருடா வருடம். ஊட்டி கடைவீதியில் காது நுனி வெட்டிய நாய்களைப் பார்த்திருப்பீர்கள். கருத்தடை செய்து ஊசியும் போட்டாயிற்று என்பதற்கான அடையாளம் அது. இந்த அறுவை சிகிச்சையைப் பழகிக்கொள்ளவே வெளியூர் கால்நடை மருத்துவர்கள் வருகிற பயிற்சி மையம் ஒன்றை வேர்ல்டுவைட் வெட்டினரி சர்வீஸ் என்கிற தொண்டு அமைப்பு ஊட்டியில் நடத்துகிறது. இந்த விஷயத்தில் நம் மலை ஒன்றும் பின்தங்கிவிடவில்லை.

சுப்ரீம் கோர்ட்? 2025 ஆகஸ்ட் 11-ம் தேதி டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடைக்கச் சொன்னார்கள். 22-ம் தேதியே அதைத் திருத்தி, வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் தவிர மற்றதைக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னார்கள். வழக்கு அதோடு நிற்கவில்லை. உங்கள் வீட்டு நாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை, விடுங்கள்.

பிரீடரிடம் கேட்க வேண்டியது, தாய் எங்கே என்பது. பெண் எடுக்கவே தாயைப் பார் என்று சொன்னவர்கள் நாம். நாய் வாங்கும்போது மட்டும் வாட்ஸ்அப் போட்டோ போதுமா? 2017-ல் மத்திய அரசு போட்ட விதிகளின்படி, மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் நாயை இனப்பெருக்கம் செய்து விற்கக் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஒரு பெண் நாய் ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் ஈனக் கூடாது. ‘தாய் பண்ணையில இருக்கு சார், குட்டிய மட்டும் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டு வந்து தர்றேன்’ என்கிற ஆளிடம் வாங்காதீர்கள். அந்தக் குட்டிக்கு வீட்டுக்கு வந்த வாரமே பார்வோ வைரஸ் வந்து ரத்தமாகப் போனால் அந்த ஆள் போனை எடுக்க மாட்டார். இன்னொன்று, லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையில் வரும். உங்கள் ஊரில் பால் வாங்கப் போவதற்கே படி இறங்கி ஏற வேண்டும். தாய்க்கும் தகப்பனுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பதிலைவிட அவர் முழிக்கிற முழியிலேயே பாதி தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால் தத்துதான். அதிலும் குட்டி வேண்டாம். இரண்டு மூன்று வயதான, கருத்தடை ஆன நாயாகப் பாருங்கள். அதன் குணம் என்ன, குழந்தைகளிடம் எப்படி, இன்னொரு நாயைக் கண்டால் என்ன செய்யும் என்பதெல்லாம் பராமரிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். குட்டியைப் பார்த்து இதையெல்லாம் சொல்ல யாராலும் முடியாது. எல்லோரும் குட்டிக்கே அலைகிறார்கள், வளர்ந்த நாய்கள் காப்பகத்திலேயே கிழடாகின்றன.

சரி, இப்போது அந்த வரி. ‘ராத்திரி வாசலில் கட்டிப் போட்டால் காவலுக்கும் ஆகும்.’ பின்னால் தேயிலை, கீழே சோலை என்று நீங்களே எழுதிவிட்டு, அடுத்த மூச்சில் இதை எப்படித் தம்பி எழுதினீர்கள்? அது காவல் இல்லை, சிறுத்தைக்கு இலை போட்டு வைப்பது.

மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில் காட்டுயிர் ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் கூட்டாளிகளும் சிறுத்தையின் எச்சத்தை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கரும்புக்காடும் வீடுகளுமாக இருக்கிற நாடு அது. அங்கே சிறுத்தை தின்ற இரையின் மொத்த எடையில் 39 சதவீதம் வீட்டு நாய், தெருநாய். ஆடு மாடெல்லாம் அதற்குப் பின்னால்தான். நீலகிரிக்கு அதே கணக்கு என்று சொல்ல மாட்டேன், இங்கே சோலையில் மான் உண்டு, பன்றி உண்டு. ஆனால் கறிக்கடைக் கழிவும் ஓட்டல் குப்பையும் இருக்கிற இடத்தில் நாய் சேரும், நாய் சேர்ந்த இடத்துக்குச் சிறுத்தை வரும். அதில் அவிழ்த்துவிட்ட நாய்க்காவது ஓட ஒரு வழி இருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்தது குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் லயனில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில். அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. எங்கள் நாய்க்கு மணி என்று பெயர். ராத்திரியானால் வீட்டு முன்னாலிருந்த பேரிக்காய் மரத்தில் மாட்டுச் சங்கிலி போட்டுக் கட்டிவிடுவார்கள். ஒரு மார்கழிக் காலையில் அம்மா தண்ணீருக்குப் போகக் கதவைத் திறந்தபோது மரத்தடியில் மணி இல்லை. சங்கிலி அறுந்திருக்கவில்லை. கழுத்துப்பட்டை பக்கிள் போட்டது போட்டபடி அதன் நுனியில் கிடந்தது, உள்பக்கம் கொஞ்சம் செம்பட்டை முடி ஒட்டியிருந்தது. உறைபனியில் வெளுத்த புல்லில் ஒரு முழ அகலத்துக்குத் தடம் இழுபட்டுப் போய்த் தேயிலைக்கு அடியில் மறைந்தது. லயனில் யாருக்கும் ஒரு குரைப்புக்கூடக் கேட்கவில்லை. குரல்வளையைக் கவ்விய பிறகு எங்கே குரைப்பது? “புலி தூக்கிட்டுப் போயிருச்சு” என்றார் பக்கத்து வீட்டுத் தாத்தா, மழை வந்துவிட்டது என்கிற மாதிரி. சிறுத்தையைத்தான் அவர் புலி என்றது.

அந்த மாதமே வேறொரு குட்டி வந்தது. அதே மரம், அதே சங்கிலி. பட்டை பெரிதாக இருந்ததால் அப்பா ஓர் ஆணியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, தோலில் இன்னொரு ஓட்டை போட்டார். சுட்ட தோல் வாடை இன்னும் எனக்கு மூக்கில் இருக்கிறது. அந்தக் குட்டிக்கும் மணி என்றே பெயர் வைத்தார்கள். அதற்கப்புறம் வந்ததற்கும்.

மேட்டில் மேனேஜர் பங்களாவில் ஓர் அல்சேஷன் இருந்தது. பெங்களூரிலிருந்து விலை கொடுத்து வாங்கி வந்தது. பகலில் கேட்டுக்கு உள்ளே நின்று எங்களைப் பார்த்து உறுமும், சாயங்காலம் ஆனதும் வேலைக்காரர் அதை உள்ளே கூட்டிப் போய்விடுவார், கணப்புக்கு முன்னால் அதற்கென்று ஒரு கம்பளி. அது கிழடாகி, கண் பூத்து, தானாகச் செத்தது. பங்களாவையும் லயனையும் சுற்றிவந்தது ஒரே சிறுத்தைதான். நாய்க்கு என்ன விலை கொடுத்தோம் என்பதைப் பொறுத்து அது எங்கே படுக்கும் என்று மனிதர்கள் முடிவு செய்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய நாய் சோபாவில், ‘பாவமே என்று எடுத்து வந்த’ நாய் கார் ஷெட்டில். தத்தெடுத்த அன்றைக்குப் படம் எடுத்துப் போடுகிறார்கள், நூறு பேர் கைகூப்புகிறார்கள், ராத்திரி ஏழு மணிக்கு அந்த நாய் எங்கே நிற்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஓசியில் வந்தது போனால் இன்னொன்று வரும் என்ற நினைப்பு. இப்படிச் செய்கிறவர்களிடம் எனக்கு பிரீடர்மேல் இருப்பதைவிட அதிகக் கோபம். பிரீடர் தன்னைப் புண்ணியவான் என்று சொல்லிக்கொள்வதில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. நீங்கள் மலைக்குப் புதிது. மகளுக்காக இவ்வளவு யோசித்துக் கடிதம் எழுதுகிற அப்பா, தெரிந்தால் செய்ய மாட்டீர்கள் என்றுதான் இத்தனை நீட்டுகிறேன்.

காவல் வேண்டுமென்றால் நாய் உள்ளே இருந்தாலே போதும். கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பது அதற்குக் காதிலும் மூக்கிலும் தெரியும். உள்ளே இருந்து குரைத்தால் நீங்கள் எழுந்து விளக்கைப் போடுவீர்கள். வெளியே கட்டிய நாய் குரைத்தால், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சிறுத்தைக்குச் சேதி சொல்வதாக ஆகும். அம்மாவுக்கு முடியும் வாடையும் ஒத்துவராது என்றால் முன்கதவை ஒட்டிய நடையில் ஒரு சாக்கும் பழைய கம்பளியும் போதும். இருட்டுவதற்கு முன்பே ஒண்ணுக்குப் போக வெளியே விட்டு உள்ளே சேர்த்துவிடுங்கள். காலையில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கயிற்றோடு நீங்களும் கூடப் போங்கள். தனியாக விட்டால் காட்டெருமையைத் துரத்தப் போய்க் குத்துப்படும்.

தடுப்பூசியில் டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோயை விட்டுவிடாதீர்கள், வெறிநோய் ஊசியோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். 2018-ல் கிர் காட்டில் சிங்கங்கள் வரிசையாகச் செத்தபோது அவற்றில் சிலவற்றிடம் கண்டுபிடித்தது இந்த வைரஸைத்தான். நம் பக்கத்துச் செந்நாய்க்கும் அது ஆபத்து. ஊசி போடாத நாய் சோலை ஓரமாகச் சுற்றினால் நஷ்டம் உங்கள் வீட்டோடு போகாது.

பட்டறையில் சொன்ன கூண்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் பரவாயில்லை, கோழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலேயும் அடியிலேயும் கம்பி அடித்துத் தரச் சொல்லுங்கள், கீரி மண்ணைத் தோண்டிக்கொண்டு வரும்.

அன்புடன்,
அக்கா