பக்கத்தில் மூச்சுவிட்டது யார்?

கேள்வி: மனோரா அருகே கடலில் நீந்தியபோது பத்தடி தூரத்தில் சாம்பல் நிற முதுகு ஒன்று எழும்பியது. முதுகில் துடுப்பு இல்லை. மழுங்கிய மூஞ்சியில் முள் முள்ளாக முடி. ‘புஸ்’ஸென்று மூச்சுவிட்டு மறைந்தது. பதறிக் கரையேறிவிட்டேன். சுறாவா?
- வாசகி, பேராவூரணி

பதில்: சுறா மூச்சுவிட மேலே வராது, சகோதரி. நீங்கள் பார்த்தது ஆவுளியா, அதாவது கடற்பசு. கொடுத்துவைத்தவர் நீங்கள்! சிறுவயதில் அப்பாவின் வள்ளத்திலிருந்து நான் ஒரே ஒருமுறை பார்த்தேன். மூக்குத் துவாரம் இரண்டும் மூடி திறப்பதுபோலத் திறந்து, உடனே இறுக மூடிக்கொண்டன. இன்றும் கண்ணிலேயே நிற்கிறது.

மூன்று மீட்டர் வரை வளரும்; தின்பதெல்லாம் கடற்புல்தான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி போடும். அதனால்தான் ஒன்று வலையில் சிக்கிச் செத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. 2022-ல் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. தஞ்சை, புதுக்கோட்டைக் கடல்தான் அது.

மறுபடி கண்டால் துரத்த வேண்டாம், தொட வேண்டாம். கைகாலை அடிக்காமல் தள்ளியே மிதந்திருங்கள். சில நிமிடங்களில் மூச்சுக்கு எழும்பும். பார்த்த இடத்தையும் நேரத்தையும் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.