மாதவிடாய் நின்ற பிறகு: மகளிர் நல மருத்துவரிடம் சில கேள்விகள்

கேள்வி: எனக்கு வயது 52, மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகளாகின்றன. தாம்பத்திய உறவின்போது எரிச்சலும் வலியும் தாங்க முடியவில்லை. "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?" என்று அக்கா கேட்கிறார். வயதானால் இப்படித்தானா, டாக்டர்?

பதில்: உங்கள் அக்கா கேட்டதையே சில மருத்துவர்களும் வேறு சொற்களில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சினைப்பைகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் சுரப்பு வெகுவாகக் குறைந்ததும் யோனியின் உட்சுவர் மெலிந்து ஈரப்பசை குறைகிறது. அங்கே அமிலத்தன்மையைக் காத்துவந்த லாக்டோபேசில்லஸ் நுண்ணுயிர்களும் குறைவதால் கிருமிகள் எளிதில் பெருகுகின்றன. அடக்க முடியாத சிறுநீர் அவசரமும் திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றும் பலருக்கு இதன் தொடர்ச்சியே. ஆகவே கணவரை இழந்தவர்களும் இதைத் தமக்குத் தொடர்பற்ற பேச்சு என்று ஒதுக்க வேண்டாம். உடம்பு திடீரெனக் கொதித்து வியர்ப்பது பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகளில் தணிந்துவிடும். இந்த வறட்சியோ சிகிச்சையின்றித் தணிவது அரிது. சோப்புப் போட்டுக் கழுவுவதை நிறுத்துங்கள். உறவின்போது நீர் சார்ந்த ஜெல் பயன்படுத்துங்கள். அது போதாவிட்டால், மருத்துவர் பரிசோதித்த பின், யோனிக்குள் இடும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதித் தருவார். அதன் பலன் முழுமையாகத் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

கேள்வி: ஹார்மோன் மருந்து என்றாலே மார்பகப் புற்றுநோய் என்கிறார்களே?

பதில்: அந்த அச்சம் அமெரிக்காவின் 'விமென்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வு முடிவுகள் 2002இல் வெளியானபோது உலகெங்கும் பரவியது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் கலந்த மாத்திரையை விழுங்கியவர்களில், ஆண்டுக்கு 10,000 பேருக்கு 8 பேர் வீதம் மார்பகப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. பங்கேற்றவர்களின் சராசரி வயதோ 63; மாதவிடாய் அண்மையில் நின்றவர்களைவிட மூத்தவர்கள். மேலே சொன்ன கிரீமிலிருந்து இரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம் என்பதால் அந்தக் கணக்கை இதற்குப் பொருத்துவது தவறு. ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தமது புற்றுநோய் மருத்துவரைக் கலந்தே முடிவெடுக்க வேண்டும்.

கேள்வி: 41 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இனி ஆசையே வராது என்று மாமியார் சொல்கிறார்.

பதில்: ஆசை கர்ப்பப்பையில் குடியிருப்பதில்லை. சினைப்பைகளை விட்டுவைத்திருந்தால் ஹார்மோன் சுரப்பு தொடரும். இரத்தப்போக்கும் வலியும் தீர்ந்ததால் உறவு முன்னைவிட இனிமையானதாகச் சொல்பவர்களும் உண்டு. சினைப்பைகளையும் எடுத்தார்களா என்பதை டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் பாருங்கள். எடுத்திருந்தால் மருத்துவரிடம் தனியே பேச வேண்டும்.

கேள்வி: வயது 48. ஏழு மாதமாகத் தீட்டு இல்லை. இனிக் கருத்தடை வேண்டாம்தானே?

பதில்: வேண்டும். ஐம்பதுக்கு உட்பட்டவர்கள் கடைசி மாதவிடாயிலிருந்து இரண்டு ஆண்டுகளும், ஐம்பதைக் கடந்தவர்கள் ஓராண்டும் கருத்தடையைத் தொடர வேண்டும். ஆணுறையோடு தேங்காய் எண்ணெய் சேரக் கூடாது, லேடெக்ஸ் கிழிந்துவிடும்.

கேள்வி: 61 வயதில் இரண்டு நாள் இலேசாக உதிரம் பட்டது. உடல் சூடு என்கிறார்கள்.

பதில்: சூடு என்று விட்டுவிடாதீர்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு சொட்டு பட்டாலும் பரிசோதனை தேவை. பெரும்பாலும் வறட்சியோ சிறு சதை வளர்ச்சியோதான் காரணமாக இருக்கும்; ஆனால் பத்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோரிடம் கர்ப்பப்பைப் புற்றுநோய் வெளிப்படுகிறது, தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் குணமாக்கவும் முடிகிறது. ஸ்கேனில் உட்சவ்வு தடித்திருந்தால் சிறு திசு எடுத்துச் சோதிப்பார்கள். மீண்டும் படுகிறதா என்று காத்திராமல் இந்த வாரமே செல்லுங்கள்.