பெட்ரோல் ஜெனரேட்டர்: கேள்வி பதில்

அவனியாபுரம் வாசகர்: சித்திரைத் திருவிழாவில் நீர்மோர்ப் பந்தலுக்கு ஓட்டிய சின்ன ஜெனரேட்டர். பொங்கலுக்கு எடுத்தால் சோக் போட்டால்தான் ஓடுகிறது. சோக்கைத் தள்ளியதும் நின்றுவிடுகிறது.

சோக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும். அது இல்லாமல் நிற்கிறது என்றால் என்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை. இத்தனை மாதம் கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) கிண்ணத்தில் நின்ற பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசினாகி, பெட்ரோல் போகும் ஓட்டையான மெயின் ஜெட்டை அடைத்திருக்கும். அந்த ஓட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் திருகை (பெட்ரோல் காக்) மூடி, கிண்ணத்தின் அடி போல்ட்டைக் கழற்றி, நடுவில் இருக்கும் பித்தளை ஜெட்டை எடுங்கள். கார்ப்பரேட்டர் கிளீனர் அடித்துக் காற்று ஊதுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை வட்டமாகத் தெரிய வேண்டும். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, ஓட்டை பெரிதாகிவிட்டால் அப்புறம் கரும்புகைதான். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலையும் வடித்துவிடுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஈரம் மிஞ்சினால் தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கும். ஓட்டிப் பார்ப்பதைத் திறந்த வெளியில் செய்யுங்கள், திண்ணையில்கூட வேண்டாம்.

திருமங்கலம்: 1 எச்பி போர் மோட்டாரை 2 கிலோவாட் ஜெனரேட்டர் இழுக்குமா?

1 எச்பி என்றால் 746 வாட்தானே என்று கணக்குப் போடாதீர்கள். கிளம்பும் நொடியில் மோட்டார் பல மடங்கு கரண்ட் கேட்கும். 3 கிலோவாட்டுக்குக் கீழே வாங்க வேண்டாம்.

மேலூர்: ஆயில் நிறைய இருக்கிறது. வைகைக் கரையில் வைத்தால் மட்டும் நின்றுவிடுகிறது.

சரிவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். சென்சார் குறைவு என்று நினைத்து நிறுத்திவிடும். சமதரையில் வையுங்கள்.

செல்லூர்: எடுத்து வைக்கும்போது டேங்கைக் காலி செய்யணும், சரிதானே?

உசிலம்பட்டி: தப்பு. காலி இரும்பு டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். நான் கழுத்து வரை நிரப்பித்தான் வைக்கிறேன்.

செல்லூர்: ஆறு மாதம் கழித்து அந்தப் பெட்ரோலை யார் ஊற்றுவது?

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எத்தனால் வராத காலத்தில் நானும் நிரப்பித்தான் வைத்தேன். இன்றைய பெட்ரோலில் அந்தப் பழக்கம் எனக்கு இரண்டு கார்ப்பரேட்டரைத் தின்றுவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் சும்மா கிடக்குமென்றால் வடித்து, உள்ளே காயவிட்டு, மூடியை இறுக்குங்கள். டேங்க் எப்படியிருந்தாலும் பெட்ரோல் திருகை மூடி, என்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். கிண்ணம் காலியாவதுதான் முக்கியம்.

உசிலம்பட்டி: துரு வந்தால்?

வடிகட்டி பிடிக்கும், டேங்கையும் கழுவலாம். அடைத்த ஜெட் திருவிழா அன்று உங்களை நிறுத்திவிடும்.

சோழவந்தான்: ஸ்டார்ட் ஆகவில்லை, சோக் போட்டால்...

முதல் பதிலைப் படியுங்கள்.

வாடிப்பட்டி: ஓடுகிறது, லைட் எரியவில்லை.

பிரேக்கர் (லோடு மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்), உள்ளே சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் இரண்டையும் பாருங்கள். சரியாக இருந்தால் காயில் (கம்பிச்சுருள்) கட்டும் கடைக்குக் கொண்டுபோங்கள்.

விளக்குத்தூண்: மழை. ஷட்டரைப் பாதி திறந்து கடைக்குள் ஓட்டலாமா?

கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கம் வருவதுபோல் வந்து ஆளைக் கொன்றுவிடும். பாதி ஷட்டர் காப்பாற்றாது. மழை நிற்கும் வரை மெழுகுவர்த்தியை ஏற்றுங்கள்.