வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் என் மகள், அம்புஜம் கிருஷ்ணாவின் பாடல்களை விரும்பிப் பாடுகிறாள். அவரை வாக்கேயகாரர் என்று அழைக்கலாமா?
– வாசகி ஒருவர், கொக்குவில்

பதில்: சொல்லையும் இசையையும் ஒருவரே படைக்கும்போதுதான் வாக்கேயகாரர் என்ற பெயர் முழுமையாகப் பொருந்தும். 1917இல் பிறந்து 1989இல் மறைந்த அம்புஜம் கிருஷ்ணா, தமிழ், தெலுங்கு, கன்னடம், சமஸ்கிருதம், இந்தி ஆகிய மொழிகளில் அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களை இயற்றினார். ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு வி. வி. சடகோபன், மதுரை டி. என். சேஷகோபாலன் முதலிய வித்துவான்களே மெட்டமைத்தனர். ஆகவே பாடலின் சொற்களை இயற்றியவர் என்று பொருள்படும் சாகித்தியகர்த்தா என்பதே நேர்மையான சொல். அது எவ்வகையிலும் குறைந்த பெயரன்று. இசையமைப்பவர் நிரவலுக்கு, அதாவது ஒரு பாடலடியைப் பலவாறு விரித்துப் பாடுவதற்கு, இடங்கொடுக்க வேண்டுமானால், சொல் அதற்கு முன்பே வாய்க்கு இணக்கமாகவும் நெடில்கள் தக்க இடத்தில் விழும்படியாகவும் அமைந்திருக்க வேண்டுமல்லவா? கானடா இராகத்தில் பாடப்படும் "என்ன சொல்லி அழைத்தால்" என்ற பாடலை மகளிடம் முதலில் மெட்டின்றி, பேசுவதுபோல் மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். இறைவனை எப்பெயரிட்டு அழைப்பதென்று தவிக்கும் அந்தக் கேள்வியின் ஏக்கம், கானடாவின் அசைந்து நிற்கும் காந்தார சுரத்துக்கு எத்தனை இயல்பாகப் பொருந்துகிறதென்று அவளே உணர்ந்துகொள்வாள். ரீதிகௌளை இராகத்தில் அமைந்த "குருவாயூரப்பனே அப்பன்" பாடலையும் அடுத்துப் பழகலாம்.

நம் ஊர் அரங்கேற்றங்களில் அச்சிடப்படும் நிகழ்ச்சி நிரல்களில் இராகமும் தாளமும் தவறாமல் இருக்க, இயற்றியவர் பெயர் விடுபட்டுப்போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. உங்கள் மகள் மேடையேறும் நாளில் இயற்றியவரையும் மெட்டமைத்தவரையும் சேர்த்தே அறிவிக்கட்டும்.