ஏலத்தில் எடுத்த கருப்பட்டி

அன்புள்ள அண்ணாச்சி,

காலை 4 மணிக்கு எழுந்து வேதம் வாசித்து ஜெபிப்பது என்று தீர்மானம் எடுத்தேன். 11-ஆம் நாள் விட்டுப்போயிற்று. இப்போது பஸ்ஸில் போகும்போது கைபேசியில் வாசிக்கிறேன். அது சேர்த்தி இல்லை என்கிறாள் மனைவி. தசமபாகத்தில் மட்டும் குறை வைத்ததில்லை. ஆபீஸில் எல்லாரையும் போல நானும் போகாத கேம்புக்குப் பயணப்படி எழுதுகிறேன். அதிலும் பத்தில் ஒன்றை எடுத்து வைத்துவிடுகிறேன். என் பக்தியில் எங்கே ஓட்டை?

வாசகர் ஒருவர், நாசரேத்

அன்புள்ள தம்பி,

கைபேசியில் தாராளமாக வாசிக்கலாம், வீட்டில் சொல்லிவிடுங்கள். 11-ஆம் நாளுக்காக அழவும் வேண்டாம். இடையன்குடி கோயிலைக் கட்டி முடிக்கக் கால்டுவெல்லுக்கு 33 வருஷம் ஆயிற்று, 1880-இல்தான் பிரதிஷ்டை. விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டை எங்கே என்று கேட்கிறீர்கள். கேட்பதற்கு முந்தின வரியிலேயே அதை எழுதியும் இருக்கிறீர்கள், தம்பி! போகாத ஊருக்கு பில். அதில் கர்த்தருக்கும் பங்கு. அவரையும் கூட்டாளி ஆக்கியாயிற்று. வேதத்தில் வருகிற சகேயுவை, எரிகோவில் வரி வசூலித்த அந்த ஆயக்காரனை, ஞாயிறு பாடசாலையிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்தானே நீங்கள்? அநியாயமாய் வாங்கியதில் பத்தில் ஒன்றைக் காணிக்கைப் பையில் போடுகிறேன் என்றா சொன்னான்? வாங்கினவனிடமே நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். அதன் பிறகுதான் 'இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது' என்ற வார்த்தை வருகிறது. எல்லாரும் எழுதுகிறார்கள் என்பது ஒரு சமாதானமா? எரிகோவில் ஆயக்காரர் எல்லாருமே அப்படித்தான் வாங்கியிருப்பார்கள்.

போன வாரம் எங்கள் ஊர் ஸ்தோத்திரப் பண்டிகையில், கோயிலுக்குக் காணிக்கையாய் வந்த பொருளை ஏலம் விடும்போது ஓரமாக நின்றேன். கோழி, தேங்காய், வாழைத்தார். அப்போதிருந்து ஆச்சி நினைப்புதான்.

உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டில் தாத்தா பனை ஏற, ஆச்சி விடிலி என்கிற ஓலைக் குடிசையில் பதனி காய்ச்சுவாள். நாலு மணி ஜெபம் எல்லாம் அவளுக்குத் தெரியாது. அடுப்பு முன்னால் உட்கார்ந்து, துடுப்பு கிண்டுகிற கையோடு வாய் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். பாதி கீர்த்தனை, பாதி ஓலை ஈரமாய் இருக்கிறதென்று திட்டு. இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்லுவாள்.

ஒரு வருஷம் மாமா ராத்திரியோடு ராத்திரியாகப் பதனியில் சீனியைப் போட்டுக் காய்ச்சிவிட்டார். கருப்பட்டி விலைக்குச் சீனி மலிவு, எடையும் கூடும். சிரட்டையில் ஊற்றி எடுத்தால் வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. உடைத்தால்தான் உள்ளே மினுங்கும். அதில் முதல் சிப்பத்தைக் கோயிலுக்கென்று எடுத்து வைத்தார் மாமா. உங்களைப் போலவே, காணிக்கையில் குறை வைக்காதவர்.

ஏலத்தில் அந்தச் சிப்பம் வந்தது. ஆச்சி கேட்டாள். யாரோ ஒரு ரூபாய் கூட்டினார், அவள் இரண்டு கூட்டினாள். சொந்த வீட்டுச் சரக்கை எதற்கு இப்படி விலை ஏற்றுகிறாள் என்று சனம் சிரித்தது. முந்தி முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்துவிட்டு, சிப்பத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். வேறு வீட்டுப் பிள்ளைகள் அதைத் தின்னக் கூடாது என்பது அவள் கணக்கு. மீதிச் சரக்கை எடுத்த வியாபாரியிடம் மறுநாளே மாமாவை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தாள். நடந்துதான் போனார், பஸ் காசு தரவில்லை.

நீங்கள் 4 மணிக்கு எழுந்திருக்க வேண்டாம், ஆறு வரை தூங்குங்கள். இந்த மாதப் பயணப்படித் தாளில் போகாத ஊரை எழுதாதீர்கள். பழையதை எப்படிக் கட்டித் தீர்ப்பது என்று வீட்டில் கலந்து பேசுங்கள், சங்கடமாகத்தான் இருக்கும். பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அந்தச் சிப்பம் தீருகிறவரை மாமாவுக்கு மட்டும் அந்தக் கருப்பட்டியில்தான் காப்பி. எங்களுக்கெல்லாம் வேறு பானையிலிருந்து எடுத்துப் போடுவாள்.