ஜாவாவில் ஸ்டிரிங்கைப் பைட்டுகளாக மாற்றினால் சர்வரில் மட்டும் கேள்விக்குறியாக வருவது ஏன்?

உங்கள் கணினியில் தமிழ்ப் பெயர்கள் சரியாக எழுதப்படுகின்றன, சர்வரில் அதே நிரல் வெறும் கேள்விக்குறிகளை எழுதுகிறது, எங்கே ஓடினாலும் ஒரே பைட்டுகள் வர என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டிரிங்கைப் பைட்டுகளாக்கும் கெட்பைட்ஸ் முறையை அடைப்புக்குள் எதுவும் தராமல் அழைத்திருக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். எழுத்துக்கு எந்தப் பைட்டுகள் என்று சொல்லும் விதிக்குக் குறியாக்கம் என்று பெயர், தமிழுக்கும் இடம் தரும் குறியாக்கம் யுடிஎஃப்-8. ஸ்டாண்டர்டு சார்செட்ஸ் வகுப்பில் யுடிஎஃப்-8 என்றே ஒரு மாறிலி இருக்கிறது. அதை அடைப்புக்குள் கொடுங்கள். பைட்டுகளிலிருந்து ஸ்டிரிங்கை மீட்கும்போதும் அதையே கொடுங்கள்.

அடைப்பு வெறுமையாக இருந்தால், பழைய ஜாவா அந்தக் கணினியின் இயல்புக் குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அது ஒன்று, லினக்ஸில் இன்னொன்று. ஒரே லினக்ஸிலேயே யார் ஓட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்றும் வலிக்கிறது. ஒரு நூலகத்தின் உறுப்பினர் பட்டியலைப் பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு மாற்ற ஜாவா 8-இல் ஒரு நிரல் எழுதினோம். கையால் ஓட்டிப் பார்த்தபோது ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. இரவில் தானாக ஓடும்படி, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரானில் போட்டோம். காலையில் எல்லாப் பெயர்களும் கேள்விக்குறிகள். மறுபடி கையால் ஓட்டினால் சரி! நாங்கள் முனையத்தில் உள்நுழையும்போது கிடைத்த மொழி அமைப்பு, அந்தச் சர்வரில் கிரானுக்குக் கிடைக்கவில்லை. அது இல்லாததால் ஜாவா, ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறிந்த பழைய குறியாக்கமான ஆஸ்கிக்குப் போய்விட்டது. ஆஸ்கியில் தமிழுக்கு ஏது இடம்? மாற்றி முடித்ததும் பழைய பதிவை அழிக்கும்படியும் நாங்களே எழுதியிருந்தோம். காகிதப் படிவங்களை எடுத்து ஒவ்வொரு பெயராகத் திரும்பத் தட்டச்சு செய்தோம்.

இதில் ஜாவாமீது எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. பைத்தானில் ஆஸ்கிக்குள் தமிழைத் திணித்தால் அந்த இடத்திலேயே பிழை காட்டி நிற்கும். ஜாவாவின் கெட்பைட்ஸ் வாய் திறக்காமல் 63 என்ற பைட்டை, அதாவது கேள்விக்குறியை, வைத்துவிட்டுப் போய்விடும். நின்றுவிடும் நிரலைத் திருத்திவிடலாம். அழிந்த பெயரை எங்கே போய்த் தேடுவது? யுடிஎஃப்-8 அல்லாத குறியாக்கத்தில் எழுதியே ஆக வேண்டிய நிலை வந்தால், சார்செட்டின் நியூஎன்கோடர் முறையைப் பயன்படுத்துங்கள். மாற்ற முடியாத எழுத்து வந்தால் அது பிழை எறியும்.

யுடிஎஃப்-8-இல் தமிழ் எப்படி அமர்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். 'தமிழ்' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறி: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு, ஆக 15. 'த' மட்டும் 224, 174, 164. ஜாவாவில் பைட்டுக்கு எதிர்மறை மதிப்பும் உண்டு என்பதால் இவை -32, -82, -92 என்று அச்சாகும், பதறாதீர்கள். தமிழ்க் குறிகள் எல்லாமே 224-இல் தொடங்கி, அடுத்து 174 அல்லது 175 ஆக வரும். ஆகவேதான் யுடிஎஃப்-8 கோப்பை விண்டோஸின் 1252 குறியாக்கத்தில் திறந்தால் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ-யும், வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிக முத்திரையும் வரிசையாக வருகின்றன. அந்தக் கோலத்தைக் கண்டால் நிம்மதி அடையுங்கள். பைட்டுகள் நலமாக இருக்கின்றன, படித்த விதம்தான் தவறு. அப்படியே சேமித்துவிடாமல் மூடிவிட்டு, யுடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் போதும்.

இந்த மூன்று பைட்டுக் கணக்கு இன்னோர் இடத்திலும் காலை வாரும். பெரிய கோப்பை 1024 பைட்டு துண்டுகளாகப் படித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே ஸ்டிரிங்காக்குபவர்கள் உண்டு. 341 குறிகளுக்கு 1023 பைட்டு. மீதமுள்ள ஒன்று அடுத்த குறியின் தலை. உடல் அடுத்த துண்டில் கிடக்கும், இரண்டும் பாழ். இன்புட்ஸ்ட்ரீம்ரீடரிடம் குறியாக்கத்தைச் சொல்லி ஒப்படைத்தால் அதுவே சேர்த்துக்கொள்ளும்.

2022 மார்ச்சில் வந்த ஜாவா 18 முதல் இயல்புக் குறியாக்கமே யுடிஎஃப்-8 ஆகிவிட்டது. ஆனாலும் பெயரைச் சொல்லியே எழுதுங்கள். உங்கள் நிரலை நாளை யாராவது ஜாவா 11-இல் ஓட்டக்கூடும்.

பைட்டுகளை வைத்துக் கையொப்பமோ ஹேஷோ (பைட்டுகளிலிருந்து கணக்கிடும் அடையாள எண்) போடுவதாக இருந்தால் ஒன்று கூடுதலாக வேண்டும். 'கொ' என்பதை க, ஒகரக் குறி என்று 6 பைட்டிலும் எழுதலாம். க, ஒற்றைக் கொம்பு, கால் என்று 9 பைட்டிலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, ஹேஷ் வேறு வேறு. நார்மலைசர் வகுப்பில், இப்படிப் பிரித்து எழுதியதைச் சேர்த்து ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு பைட்டுகளை எடுங்கள்.

சர்வரில் ஏற்கெனவே எழுதப்பட்ட கோப்பின் பைட்டுகளை இன்றே அச்சிட்டுப் பாருங்கள். 224-கள் இருந்தால் மீட்டுவிடலாம். வரிசையாக 63 என்றால், முதலில் அந்தத் தானியங்கி ஓட்டத்தை நிறுத்திவிட்டு, மூலத் தரவு இன்னும் இருக்கிறதா என்று தேடுங்கள்.