ஸ்கேனரை யூஎஸ்பியில் செருகினால் டிவைஸ் மேனேஜரில் (விண்டோஸில் கருவிகளைப் பட்டியலிடும் இடம்) மஞ்சள் முக்கோணம் வருவது ஏன்?

டிரைவர் என்பது ஒரு கருவியிடம் எப்படி வேலை வாங்குவது என்று விண்டோஸுக்குச் சொல்லித்தரும் சிறு மென்பொருள். செருகியதும் ஸ்கேனர் தன் தயாரிப்பாளர் எண்ணையும் மாடல் எண்ணையும் சொல்லும். அதற்குப் பொருந்தும் டிரைவர் கணினியில் இல்லையென்றால் ‘கோட் 28’ என்ற பிழை எண் வரும். ரேஷன் கடைப் பதிவேட்டில் கார்டு எண் இல்லாத மாதிரி. ஆளே நேரில் நின்றாலும் அரிசி கிடைக்காது. தயாரிப்பாளர் தளத்தில் மாடல் பெயரைத் தேடி டிரைவரை நிறுவினால் போதும்.

‘கோட் 43’ வேறு விஷயம். பெரும்பாலும் கருவியால் தன் தயாரிப்பாளர் எண்ணையும் மாடல் எண்ணையுமே சரியாகச் சொல்ல முடியவில்லை. தயவுசெய்து டிரைவர் தேடி அலையாதீர்கள், முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

“விளக்குதான் எரிகிறதே, கேபிளில் என்ன கோளாறு?” என்று பலர் நினைக்கிறார்கள், யூஎஸ்பி 2.0 கேபிளில் மின்சாரத்துக்கு 2 கம்பி, தகவலுக்கு 2 கம்பி, தகவல் கம்பி அறுந்தாலும் விளக்கு எரியும்.